இலங்கையில் பிறந்து வட சென்னை எம்.பி. ஆனவர்: யார் இந்த அந்தோணிப்பிள்ளை? ‘வெளியாள்’ தலைவரைத் தொழிலாளர்கள் தேடிப் போனது ஏன்?

திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், செங்கல்பட்டு பக்கம் விடியற்காலையில் ரோட்டோரம் நின்று பார்த்தால் தெரியும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பையோடு இளைஞர்கள் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள்.

இதே வட்டாரத்தில்தான் 2024-ல் ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் செப்டம்பர் 9-ம் தேதி வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 37 நாள் நீடித்தது. சம்பளமும் பிரச்னைதான். ஆனால் மையமான கேள்வி ஒன்றுதான்: சி.ஐ.டி.யு. ஆதரவோடு தொழிலாளர்கள் அமைத்த சங்கத்தைப் பதிவு செய்வார்களா, மாட்டார்களா? சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் இருப்பதற்கு நிறுவனம் ஆட்சேபம் தெரிவித்தது. வெளியில் இருக்கும் அமைப்புக்கு ஆலைக்குள் என்ன வேலை என்ற குரலும் எழுந்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது.

‘வெளியாள் எதுக்கு?’ என்ற இந்தக் கேள்வி புதிதல்ல. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக சென்னையில் கேட்கப்பட்டு வருகிறது. அந்தக் கேள்விக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையே பதிலாக இருந்தது. அவர்தான் எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை. இலங்கைத் தமிழர், கிறிஸ்தவர், ட்ராட்ஸ்கியவாதி. மனைவி சிங்களவர். சென்னை பெரம்பூரில் சொந்தமும் இல்லை, சாதி பலமும் இல்லை. அவரைத்தான் பின்னி மில் தொழிலாளர்கள் தங்கள் தலைவராக்கினார்கள். வட சென்னை மக்கள் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் அனுப்பினார்கள்.

பெரம்பூர் மில்லுக்கும் செங்கல்பட்டுக்கும் என்ன சம்பந்தம்?

அந்தோணிப்பிள்ளை கதைக்குப் போகும் முன் மில்லின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் மில்லும் கர்நாடிக் மில்லும் 19-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பெரம்பூரில் தொடங்கப்பட்டவை. 1920-ல் இரண்டும் ஒன்றாக இணைந்தன. போலீஸும் ராணுவமும் உடுத்திய பின்னி காக்கி இங்கே நெய்யப்பட்டதுதான். இன்று பலருக்கு பின்னி மில் என்றால் சினிமா ஷூட்டிங் நடக்கும் இடிந்த கட்டடம் என்றுதான் ஞாபகம் வரும். ஒரு காலத்தில் அங்கே 14,000 பேர் வேலை பார்த்தார்கள்.

அவ்வளவு பேர் எங்கிருந்து வந்தார்கள்? சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்களிலிருந்து. அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் சென்னையை மூன்று பக்கமும் வளைத்துக் கிடந்தது. இன்றைய காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. ஏரிப் பாசன நெல் விளையும் பூமி. ஆனால் நிலத்தின் உரிமை மிராசுதாரர்களிடம் இருந்தது. உழுதவர்களில் பெரும்பகுதி படியாள்கள், அதிலும் தலித் மக்கள். அவர்கள் பட்ட கஷ்டத்தைத்தான் மாவட்ட கலெக்டராக இருந்த திரமென்ஹீர் அரசுக்கு அறிக்கையாக எழுதினார். 1892-ல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்தது அந்த அறிக்கைதான்.

நிலம் கிடைக்காதவர்களுக்கு மில் வேலை ஒரு வாசல். மாதம் பிறந்தால் கையில் காசு. யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. சாதி இந்துக்கள், ஆதிதிராவிடர், முஸ்லிம்கள் என்று எல்லாத் தரப்பும் ஒரே சங்கொலிக்கு மில்லுக்குள் ஓடினார்கள். ஓட்டம்தான். மதிய சாப்பாட்டுக்குக் கொடுத்த நேரம் அரை மணி. தாமதமானால் கதவு சாத்திவிடும்.

முதல் தலைவரே வெளியாள்தான்

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பெயர் பெற்றது இதுதான். இதற்கு வித்திட்டவர்கள் மில் தொழிலாளர்கள் அல்ல. அந்தப் பகுதியில் வியாபாரம் செய்துவந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். வாடிக்கையாளர்களான தொழிலாளர்களின் புலம்பலை தினமும் கேட்டவர்கள் அவர்கள். அவர்கள் போய் அழைத்துவந்தவர் பி.பி. வாடியா. பம்பாயைச் சேர்ந்த பார்சி. அன்னி பெசன்ட்டோடு பிரம்மஞான சபையில் இருந்தவர். தமிழ்நாட்டுத் தொழிலாளர் சங்கத்தின் முதல் தலைவருக்குத் தமிழ் தாய்மொழி அல்ல!

துணையாக நின்றவர் திரு.வி.க. இவர் மட்டும் நம்ம ஊர்க்காரர். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் துள்ளம் கிராமத்தில் பிறந்தவர். ஆனால் அவரும் ஆசிரியர், பத்திரிகையாசிரியர். மில்லில் வேலை பார்த்தவர் கிடையாது.

ஏன் இப்படி? காரணம் ரொம்ப எளிது. மில்லுக்குள் இருக்கிற ஒருவர் எழுந்து பேசினால் மறுநாள் அவருக்கு வேலை இருக்காது. வெளியே இருப்பவரை கம்பெனி டிஸ்மிஸ் செய்ய முடியாது. சட்டம் தெரிந்தவர், ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்தவர், துரையின் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பேசக்கூடியவர் என்றால் இன்னும் நல்லது.

கம்பெனிக்கும் இது புரிந்தது. வெளியாளைத் தாக்க வேறு வழி கண்டுபிடித்தது. 1920 இறுதியில் மில் மூடப்பட்டபோது, வாடியா மீதும் மற்ற தலைவர்கள் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள், நஷ்டஈடு தர வேண்டும் என்பது வழக்கு. நீதிமன்றம் தடை உத்தரவும் பிறப்பித்தது. அதாவது, சங்கம் வைத்து வேலைநிறுத்தத்துக்கு அழைப்பதே சிவில் குற்றமாகிப் போனது. கடைசியில் வாடியா சங்கத்திலிருந்து ஒதுங்கினார்.

இந்த வழக்கின் அதிர்ச்சிதான் டெல்லியில் என்.எம். ஜோஷி சட்டப் பாதுகாப்பு கேட்டுக் குரல் எழுப்பவும், 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வரவும் காரணமானது. பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகிகள் மீது இப்படி வழக்குப் போட முடியாது என்று அந்தச் சட்டம் சொன்னது. நிர்வாகிகளில் பாதிப் பேர் வரை வெளியாட்களாக இருக்கலாம் என்றும் அனுமதித்தது. சங்கத்தைப் ‘பதிவு’ செய்வதற்கு இன்றுவரை ஏன் இவ்வளவு போராட்டம் என்று கேட்பவர்களுக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

1921-ல் நடந்தது இன்னும் மோசம். மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கு மில் வேலையை இழந்தால் திரும்பிப் போக இருந்தது படியாள் வாழ்க்கை. சங்கத்தை நடத்தியவர்கள் மீது நம்பிக்கையும் குறைவு. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. சாதியால் சங்கம் உடைந்தது. பெரம்பூரின் நினைவில் ஆறாத காயம் அது. அதற்குப் பிறகு அங்கே தலைவராக வருபவர் ‘எந்தப் பக்கத்து ஆள்’ என்பது சின்ன விஷயம் இல்லை.

சரி, அந்தோணிப்பிள்ளை எங்கிருந்து வந்தார்?

செபாஸ்டியன் சிரில் கான்ஸ்டன்டைன் அந்தோணிப்பிள்ளை. முழுப்பெயர் இதுதான். 1914 ஏப்ரலில் இலங்கையில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். கொழும்பிலும் பிறகு லண்டனிலும் படித்தார். அப்படிப் படித்துவிட்டு வருபவருக்கு அன்றைய இலங்கையில் சொகுசான உத்தியோகம் நிச்சயம். அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

1935-ல் தொடங்கப்பட்டிருந்த லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். இலங்கையின் முதல் இடதுசாரிக் கட்சி. சோவியத் தலைவர் ஸ்டாலினை ஏற்காமல், அவரால் நாடு கடத்தப்பட்ட ட்ராட்ஸ்கியின் வழியை ஏற்றவர்கள் அதன் தலைவர்கள். கட்சியின் பெருந்தலைகளில் ஒருவர் பிலிப் குணவர்தன. அவருடைய தங்கை கரோலினை 1939-ல் அந்தோணிப்பிள்ளை மணந்தார். யாழ்ப்பாணப் பக்கத்துக் கத்தோலிக்கத் தமிழருக்கும் தென்னிலங்கையின் வசதியான சிங்களக் குடும்பத்துப் பெண்ணுக்கும் திருமணம்! 2022 முதல் 2024 வரை இலங்கைப் பிரதமராக இருந்த தினேஷ் குணவர்தன, பிலிப்பின் மகன். அவருக்கு கரோலின் அத்தை, அந்தோணிப்பிள்ளை மாமா என்றால் உறவு சட்டென்று புரியும்.

தம்பதியைக் கட்சி அனுப்பிய இடம் நுவரெலியா. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே சங்கம் கட்டும் வேலை.

லயன்களுக்குள் சங்கம்

தோட்டத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் மூலம் கொண்டுபோகப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும். திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை வட்டாரங்களிலிருந்து மண்டபம் முகாம் வழியாகப் போனார்கள். குடியிருப்பு, ரேஷன், வேலை எல்லாமே தோட்டத்துக்குள். வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல் என்று போலீஸைக் கூப்பிடலாம். அதனால்தான் இவர்களுக்கு முன்பே, தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையைப் பார்த்தார் என்று சொல்லப்படுகிறது. அவர் பின்னாளில் இலங்கைச் சட்டசபையிலும் அரசாங்க சபையிலும் தோட்டத் தொழிலாளர்களின் குரலானார். 1931-ல் ஹட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தையும் தொடங்கினார். வெளியாள் தலைவர் வரிசையில் அவருக்குத் தனி இடம் உண்டு.

1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம். போலீஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகி என்று இன்றும் அவரை நினைவுகூர்கிறார்கள். அந்த ஆண்டு முழுக்க மலையகம் கொதித்தது. ஊவாவில் வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்குள் கமிட்டி தேர்ந்தெடுத்து நிர்வாகத்தை எதிர்த்து நின்றார்கள். இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டிருந்த நேரம் அது. போரை எதிர்த்த சமசமாஜக் கட்சியின் முக்கியத் தலைவர்களை 1940 ஜூனில் பிரிட்டிஷ் அரசு பிடித்து உள்ளே போட்டது. மற்றவர்கள் தலைமறைவானார்கள்.

1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு வீசின. அந்தக் களேபரத்தில், கண்டியில் அடைக்கப்பட்டிருந்த தலைவர்கள் சிறைக் காவலர் ஒருவரின் துணையோடு தப்பினார்கள். அதே ஆண்டில் கட்சிக்காரர்கள் பலரும் பாக் நீரிணையைக் கடந்து இந்தியா வந்து சேர்ந்தார்கள். அந்தோணிப்பிள்ளையும் கரோலினும் அவர்களில் இருவர்.

முதலில் மதுரை, அப்புறம் சென்னை. மாற்றுப் பெயர்கள், வாடகை அறைகள், போலீஸ் தேடல், கைது, சிறை. ஆகஸ்ட் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம். அன்றைய இந்திய கம்யூனிஸ்ட் கட்சி, ஹிட்லர் சோவியத்தைத் தாக்கியதால் போரை ஆதரித்தது. வேலைநிறுத்தங்களைத் தள்ளிப்போடச் சொன்னது. ட்ராட்ஸ்கியவாதிகள் அதை ஏற்கவில்லை. விலைவாசி ஏறிக்கொண்டே போக, சம்பளம் அப்படியே நின்ற பெரம்பூரில் இந்த வித்தியாசம் புத்தக விவாதமாக இல்லை. ‘எங்களுக்காக இப்போ யார் நிற்பாங்க?’ என்பதுதான் அங்கே கேள்வி.

1947: சுதந்திரத்துக்கு முன் நூறு நாள்

1946-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக அந்தோணிப்பிள்ளை தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32. சென்னைக்கு வந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அவருக்கு எதிராகச் சொல்லக்கூடிய எல்லாமே அவருக்குச் சாதகமாகவும் இருந்தது என்றுதான் தோன்றுகிறது. ஊர்க்காரர் இல்லை. அதனால் 1921-ன் பழைய பகையில் எந்தப் பக்கமும் இல்லை. பெரம்பூரின் எந்தச் சாதியையும் சேர்ந்தவர் இல்லை. காங்கிரஸ்காரர் இல்லை. அதனால் சென்னையில் அமைந்திருந்த காங்கிரஸ் அரசுக்கு சங்கடம் வருமே என்று பார்க்கத் தேவையில்லை. கம்பெனிக் குவார்ட்டர்ஸ் இல்லை, கம்பெனிச் சம்பளம் இல்லை. தோட்டத்தில் சங்கம் கட்டி, ஜெயிலுக்கும் போய்வந்தவர் என்ற ஒன்றுதான் அவருடைய தகுதிச் சான்றிதழ்.

1947 மார்ச்சில் பின்னி மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 14,000 தொழிலாளர்கள். நூறு நாள். மூன்று மாதத்துக்கு மேல் சம்பளம் இல்லாமல் ஒரு நகரத்தின் ஒரு மூலை முழுக்க எப்படிச் சமாளித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மளிகைக் கடைக் கடன், அடகுக் கடை, கிராமத்திலிருந்து வரும் அரிசி. செங்கல்பட்டுக் கிராமங்களோடு இருந்த உறவு இந்த நேரத்தில் கைகொடுக்கும். வேலைநிறுத்தம் நீண்டால் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு ஆண்கள் மட்டும் நகரத்தில் தங்குவது மில் தொழிலாளர்களின் வழக்கம்.

போராட்டத்தின் நடுவிலேயே மாகாண ஆட்சித் தலைமை பிரகாசத்திடமிருந்து ஓமந்தூராரிடம் மாறியது. தொழிலாளர்களுக்கு அதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பொது அமைதியைக் காக்கும் சட்டத்தின் பேரில் தலைவர்கள் கைதானார்கள். அந்தோணிப்பிள்ளையும் கைதானார். முதுமையை நெருங்கியிருந்த திரு.வி.க. கூட அந்த ஆண்டு வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். வெள்ளைக்காரன் காலத்தில் சங்கத்தைத் தொடங்கிய மனிதரை, சொந்த நாட்டு அரசு சுதந்திரத்துக்குச் சில வாரங்கள் முன்பு வீட்டுக்குள் பூட்டியது. இதை ஓமந்தூராரின் நேர்மையைப் பாராட்டும் பல கட்டுரைகள் சொல்லாமல் கடந்துவிடுகின்றன.

முழு வெற்றி என்று கொண்டாடும்படி அந்த வேலைநிறுத்தம் முடியவில்லை. ஆனால் நடந்ததைப் பாருங்கள். தலைவரைத் தொழிலாளர்கள் கைவிடவில்லை. அடுத்த ஆண்டே, 1948-ல், அந்தோணிப்பிள்ளை சென்னை மாநகராட்சி கவுன்சிலர் ஆனார்.

இலங்கைக்காரர் எப்படி இந்தியாவில் எம்.எல்.ஏ. ஆக முடிந்தது?

இந்தக் கதையைக் கேட்கும் பலருக்கும் முதலில் வரும் சந்தேகம் இதுதான்.

1950 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 5-வது பிரிவு, இந்தியாவை வாழ்விடமாகக் கொண்டு, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளாவது இங்கே வசித்தவரைக் குடிமகனாக ஏற்றது. பிறந்த இடமும் பெற்றோரின் ஊரும் அதற்குத் தடை இல்லை. 1942 முதல் இங்கேயே இருந்த அந்தோணிப்பிள்ளை போன்றவர்களுக்கு அந்தக் கதவு திறந்திருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் நடந்தது நேர்மாறு. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், அங்கேயே பிறந்து வளர்ந்த மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தொடர்ந்து அவர்களின் ஓட்டுரிமையும் போனது. அந்தச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்களில் சமசமாஜக் கட்சிக்காரர்களும் உண்டு. நுவரெலியாவில் அந்தோணிப்பிள்ளை யாருக்காகச் சங்கம் கட்டினாரோ, அவர்களுக்குத் தாங்கள் பிறந்த மண்ணில் ஓட்டு இல்லை. அவருக்கோ, தான் பிறக்காத நாட்டில் ஓட்டும் கிடைத்தது, தொகுதியும் கிடைத்தது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று மனிதர்களை எண்ணிப் பிரித்தார்கள்.

சூளையிலிருந்து கோட்டைக்கு, அங்கிருந்து டெல்லிக்கு

இந்தியாவில் ட்ராட்ஸ்கியவாதிகள் நடத்திய கட்சி 1948-ல் சோஷலிஸ்ட் கட்சியோடு இணைந்தது. 1952-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் அந்தோணிப்பிள்ளை சென்னை சூளை தொகுதியில் சோஷலிஸ்டாக நின்று ஜெயித்தார். பக்கத்து வண்ணாரப்பேட்டையில் ஜெயித்தவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா. வட சென்னையில் அடுத்தடுத்து இரண்டு தொழிற்சங்கத் தலைவர்கள். இருவரின் கட்சிகளுக்கும் ஆகவே ஆகாது!

அந்தச் சட்டமன்றமே வித்தியாசமானது. 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. பெரும்பான்மை இல்லாமல், தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவை வழியாகக் கொண்டுவந்து முதல்வராக்கிய கதை அரசியல் ஆர்வலர்களுக்குத் தெரிந்ததுதான். எதிர்க்கட்சி வரிசை அவ்வளவு கனமாக இருந்த சபை அது.

1957-ல் அந்தோணிப்பிள்ளை மக்களவைக்குப் போட்டியிட்டு வட சென்னையில் வென்றார். அதே தேர்தலில் தென் சென்னையில் ஜெயித்தவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. ஒரு பக்கம் தொழிலதிபராக இருந்து நிதியமைச்சரானவர், மறுபக்கம் மில் சங்கத் தலைவர். கூவத்துக்கு வடக்கும் தெற்கும் எவ்வளவு வேறு வேறு ஊர்கள் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

மில்லோடு அவர் நிற்கவில்லை. துறைமுகத் தொழிலாளர்களிடையேயும் வேலை செய்தார். ஹிந்த் மஸ்தூர் சபா என்ற எச்.எம்.எஸ். அமைப்பிலும், துறைமுகத் தொழிலாளர்களின் அகில இந்திய சம்மேளனத்திலும் முன்னணித் தலைவர்களில் ஒருவரானார். இந்த வேலை மில் வேலையிலிருந்து வேறுபட்டது. துறைமுகத்தில் முதலாளி அரசாங்கம்தான். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை என்ற நிலையில் மூட்டை தூக்கியவர்களுக்கு நிரந்தர வேலை, வருகைப் பதிவு, உத்தரவாதச் சம்பளம் என்று ஒவ்வொன்றாக வாங்கியது பல பத்தாண்டு வேலை. தெருப் போராட்டத்தைவிட, கமிட்டி அறையில் கணக்குப் புத்தகத்தோடு உட்காருவது அதிகம். தொலைக்காட்சியில் காட்ட ஒன்றும் இருக்காது. ஆனால் ஒரு தலைமுறையின் வீடும் பிள்ளைகளின் படிப்பும் அதில்தான் வந்தது.

1962 தேர்தலில் வட சென்னை காங்கிரஸ் பக்கம் போனது. அதன் பிறகு வட சென்னையின் அரசியலே மாறிவிட்டது. தி.மு.க. எழுந்தது. தொழிற்சங்கங்களும் கட்சிவாரியாகப் பிரிந்தன. கட்சி பலம் இல்லாமல், சங்கத்தின் பலத்தில் மட்டும் ஒருவர் டெல்லி போகும் காலம் முடிந்தது.

வெளியாள் விதி இன்று என்ன சொல்கிறது?

1926 சட்டம் சங்க நிர்வாகிகளில் பாதிப் பேர் வரை வெளியாட்களுக்கு இடம் கொடுத்தது. 2001-ல் நாடாளுமன்றம் அதைத் திருத்தியது. அமைப்புசார் துறையில் மொத்த நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அவ்வளவுதான் வெளியாட்கள் இருக்கலாம். சங்கத்தைப் பதிவு செய்வதும் கடினமானது. முன்பு ஏழு பேர் சேர்ந்தால் போதும். திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது ஏழு பேர் என்பதோடு, ஆலைத் தொழிலாளர்களில் பத்து சதவீதம் அல்லது நூறு பேர், இதில் குறைவான எண்ணிக்கையாவது உறுப்பினராக இருக்க வேண்டும்.

2020-ல் நிறைவேறிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, எல்லாத் தொழில் நிறுவனங்களிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம் என்கிறது. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும்தான் சட்டப்படி அப்படி ஒரு கட்டாயம் இருந்தது.

வெளியாளுக்கு எதிரான வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆலைப் பிரச்னையைத் தன் கட்சிக்குப் பயன்படுத்திக்கொண்ட தலைவர்கள் உண்டு. ஆலை மூடினாலும் அவர்களுக்கு நஷ்டம் இல்லை, வேலை போவது தொழிலாளிக்குத்தான். மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 2022-ல் உற்பத்தியை நிறுத்தியபோது செங்கல்பட்டு மாவட்டம் பார்த்தது அந்தப் பயத்தைத்தான். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சித் தொழிலாளி என்று எப்போது வேண்டுமானாலும் நிறுத்தப்படக்கூடிய நிலையில் இருப்பவரிடம் ‘உள்ளே இருக்கிற நீயே தலைவனாக இரு’ என்று சொல்வது, 1918-ல் இருந்ததைவிடப் பெரிதாக எதுவும் மாறாத ஒரு நிபந்தனை. வெளியாளே வேண்டாம் என்று சொல்லும் நிர்வாகங்களும் பேச்சுவார்த்தைக்கு வரும்போது பக்கத்தில் ஒரு வக்கீலையும் ஆலோசகரையும் உட்காரவைத்துக்கொள்கின்றன.

பின்னி மில்லுக்கும் அந்தோணிப்பிள்ளைக்கும் என்ன ஆனது?

1985-ல் சென்னையில் பெய்த பெருமழையில் மில் கடுமையாகச் சேதமடைந்தது. திறந்து, தடுமாறி, 1996-ல் நிரந்தரமாக மூடப்பட்டது. காலி ஷெட்டுகளில் சினிமா சண்டைக் காட்சிகள் எடுத்தார்கள். இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள்.

அந்தோணிப்பிள்ளை 2000 ஆகஸ்டில் காலமானார். மில் மூடியதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கரோலின் அதற்குப் பிறகும் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். சிங்கள நிலவுடைமைக் குடும்பத்தில் 1908-ல் பிறந்து, தோட்டத் தொழிலாளர்களோடு பேசத் தமிழ் கற்றுக்கொண்டு, தலைமறைவாகக் கடல் கடந்து வந்த அந்தப் பெண், நூறு வயதைத் தாண்டி 2009-ல் இறந்தார்.